ஏற்காட்டில் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யாதா?

எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கும் ஒரு பெண் போன மாதம் லேப்டாப்பும் கையுமாகச் சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு வந்தாள். அவள் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர். மலையில் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. ஆள் கணக்கு, கூலி, உரம், பறித்த பழத்தின் எடை எல்லாம் எழுதி வைக்கிறவர். அந்தக் கணக்கோடு மழைக் கணக்கும் அவர் தலையில்தான். தினமும் காலையில் மழைமானியில் தேங்கியதை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்து நோட்டில் குறித்துவிடுவார். அந்த நோட்டுகளை டைப் செய்து, புள்ளியியலுக்கான ஆர் (R) என்ற கணினி மொழியில், ஒரு இஞ்சுக்கு மேல் மழை பெய்த நாள்கள் வருடத்துக்கு எத்தனை என்று எண்ணுவது அவள் ப்ராஜெக்டின் முதல் படி.

ஏன் ஒரு இஞ்சு என்றால், காப்பிக்காரர்களுக்கு அது பழகிய அளவு. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை, சுமாராக ஒரு இஞ்சு அல்லது அதற்குச் சற்று மேல் பெய்தால்தான் காத்திருக்கும் மொட்டு வெடித்துப் பூக்கும். அதைப் பூமழை என்பார்கள். ஒரு இஞ்சு என்பது சுமாராக 25 மி.மீ. ஆகவே, 25 மி.மீ. என்ற கோடு அவளாகக் கிழித்தது இல்லை.

"அண்ணா, இந்த வாரத்துல ரெண்டு நாள்தாங்க இருக்கு. ஆர் அஞ்சு வரி காட்டுது. மூணு வரில நாள் பேருகூட இல்ல, எல்லாமே என்ஏன்னு வருது. சாஃப்ட்வேர்ல ஏதாச்சும் கோளாறுங்களா?"

என்ஏ (NA) என்பது மதிப்பு தெரியாத இடத்தில் ஆர் போடும் குறி. கோளாறு சாஃப்ட்வேரில் இல்லை. ஆனால் அவள் கேட்டது சின்னக் கேள்வியும் இல்லை. தரவில் இருந்து ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும்போது வருகிற தொல்லைகளில் பெரும்பாதி அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், எண்களைக் கொஞ்சம் மாற்றி. ஞாயிறு: காலி. திங்கள்: 42. செவ்வாய்: ஒரு சின்னக் கோடு. புதன்: 9. வியாழன்: 112. வெள்ளி: மறுபடி கோடு. சனி: 3. எல்லாம் மி.மீட்டரில். அக்டோபர் மாதத்து வாரம், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய நேரம்.

கண்ணால் பார்த்தால் 25-க்கு மேல் பெய்தது திங்களும் வியாழனும். இரண்டு நாள். இதைச் சொல்ல எம்.எஸ்சி. தேவையில்லை. ஆனால் நோட்டு ஒரு வாரம் இல்லையே, பதினைந்து வருடத்துக்கும் மேல் போகிறது. அதனால்தான் இயந்திரத்திடம் கேட்கிறோம், அது அஞ்சு என்கிறது.

"இதுக்கு முன்னாடி எப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன். "முதல்ல மூணு வந்துதுங்க. ஆனா அதுல வியாழக்கிழமையைக் காணோம். அப்புறம் எங்க மேடம் சொல்லி நம்பரா மாத்தினேன். அதுக்கப்புறம்தான் அஞ்சு."

முதலில் வந்த அந்த மூன்றைப் பார்ப்போம், ஏனென்றால் அதுதான் ஆபத்தானது. ஐந்து வரி வந்து அதில் மூன்று என்ஏ என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். சுத்தமாக மூன்று வரி வந்தால் அப்படியே தாளில் எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

எண்கள் இருக்கும் பத்தியில் ஒரே ஒரு கோடு இருந்தாலும் ஆர் மொழி அந்தப் பத்தி முழுவதையும் எழுத்தாகப் படித்துவிடும். 42 என்பது நாற்பத்திரண்டு இல்லை, '4' என்ற எழுத்தும் '2' என்ற எழுத்தும். அதை 25-ஓடு ஒப்பிடச் சொன்னால் ஆர் மறுக்காது, எச்சரிக்கையும் தராது. 25-ஐயும் எழுத்தாக்கிக்கொண்டு அகராதி வரிசையில் ஒப்பிடும். அகராதியில் 'அணில்' முன்னாலும் 'ஆடு' பின்னாலும் வருவதுபோல, முதல் எழுத்தைப் பார்த்தே தீர்ப்பு. '9' என்பது '25'-க்குப் பின்னால் வரும், ஏனென்றால் 9 என்ற எழுத்து 2-க்குப் பிறகு. '3'-ம் அப்படியே. '112' மட்டும் 1-ல் தொடங்குவதால் '25'-க்கு முன்னால் போய்விடும். ஆக, 25-க்கு மேல் பெய்த நாள்கள் திங்கள், புதன், சனி! மூன்று மி.மீ. தூறிய சனிக்கிழமை உள்ளே, ஊரையே நனைத்த வியாழக்கிழமை வெளியே.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, படித்த உடனே ஒவ்வொரு பத்தியும் என்ன வகை என்று பார்ப்பது. ஆரில் 'எஸ்டிஆர்' என்று ஒரு கட்டளை உண்டு, இரண்டு நொடி வேலை. நான் தரவை வாங்கியதும் முதலில் அடிப்பது அதைத்தான். எண் இருக்க வேண்டிய இடத்தில் 'கேரக்டர்' என்று வந்தால், நோட்டில் எங்கேயோ ஒரு கோடு, ஒரு 'டி' (அளவுக்கு எட்டாத தூறலுக்குப் போடும் குறி), ஒரு 'லேசான தூறல்' உட்கார்ந்திருக்கிறது.

2020 ஏப்ரலுக்கு முந்தைய ஆர் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். நான்காம் பதிப்பு வரும்வரை ஆர் இப்படிப்பட்ட எழுத்துப் பத்திகளைத் தானாகவே 'ஃபேக்டர்' என்ற வகையாக மாற்றிவிடும். அதாவது வகைப் பட்டியல். ஒவ்வொரு வகைக்கும் உள்ளே ஒரு வரிசை எண். அதை நேரடியாக எண்ணாக மாற்றச் சொன்னால் 112 வராது, அந்த வகைக்குரிய வரிசை எண் 2 என்றோ 3 என்றோ வரும். எச்சரிக்கை கிடையாது. பழைய லேப் கம்ப்யூட்டர்களிலும், சீனியர்கள் விட்டுப்போன ஸ்கிரிப்ட்டுகளிலும் இது இன்னும் உயிரோடு இருக்கிறது.

சரி, மேடம் சொன்னபடி அவள் பத்தியை எண்ணாக மாற்றினாள். சிவப்பில் ஒரு எச்சரிக்கை வந்தது: மாற்றும்போது என்ஏ உண்டானது என்று. எல்லோரும் செய்வதுபோல அவளும் அதைத் தாண்டிப் போனாள். அந்த எச்சரிக்கைக்குள் நடந்தது என்ன? எண்ணாக மாற்ற முடியாததையெல்லாம் ஆர் என்ஏ ஆக்கியது. காலியாக இருந்த ஞாயிறு மட்டும் இல்லை, கோடு போட்ட செவ்வாயும் வெள்ளியும்கூட.

ஆனால் கோடு என்றால் ரைட்டர் நோட்டில் என்ன அர்த்தம்? அவரையே கேட்கலாம் என்று போன் போட்டோம். "கோடு போட்டா மழை இல்லைன்னு அர்த்தங்க தம்பி. போய்ப் பார்த்தேன், காஞ்சு கிடந்துச்சு, கோடு போட்டேன்." அவ்வளவுதான். கோடு என்பது சுத்தமான, அளந்து பார்த்து எழுதிய பூஜ்யம். அதைப் போய் 'தெரியாது' ஆக்கிவிட்டோம்.

இதன் விளைவு எண்ணிக்கையோடு நிற்காது. அந்த வாரத்தின் சராசரியைக் கேட்டால் ஆர் முதலில் என்ஏ என்றுதான் சொல்லும். என்ஏ-வை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடு என்று சொன்னால், 42, 9, 112, 3, மொத்தம் 166, நான்கால் வகுத்து 41.5 என்று சொல்லும். கோடுகளைப் பூஜ்யமாக எடுத்தால் அதே 166-ஐ ஆறால் வகுக்க வேண்டும், 27.7. ஒரு கோட்டின் அர்த்தம் மாறியதில் சராசரி பாதிக்குப் பாதி ஏறிவிட்டது. வறண்ட மாதங்களில் இது கேலிக்கூத்தாகும்; பிப்ரவரி முழுக்கக் கோடு, ஒரே நாள் 20 மி.மீ. என்றால் பிப்ரவரியின் தினசரிச் சராசரி 20 என்று வரும்.

கோப்பைப் படிக்கும்போதே 'கோட்டைக் காலியாக எடுத்துக்கொள்' என்று சொல்லும் வசதி எல்லா மொழியிலும் இருக்கிறது. பல பயிற்சி வகுப்புகளில் அதைத்தான் நல்ல பழக்கம் என்று சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று எழுதியவரைக் கேட்காமல் அந்த வசதியைத் தொடக்கூடாது.

கோடுகளைப் பூஜ்யமாக்கிவிட்டு மறுபடி ஓட்டினோம். இப்போது மூன்று வரி. திங்கள், வியாழன், அப்புறம் முழுக்க என்ஏ ஆன ஒரு வரி. அது ஞாயிறு. "பேருகூட ஏங்க போச்சு? ஞாயிறுன்னு டைப் பண்ணித்தானே இருக்கேன்?" என்றாள். நியாயமான கேள்வி.

இங்கேதான் என்ஏ என்பது என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அது பூஜ்யம் இல்லை, காலியும் இல்லை. 'ஒரு மதிப்பு இருக்கிறது, அது எனக்குத் தெரியாது' என்பதே அதன் பொருள். சேலம் லீ பஜார் சந்தையில் எடை போடாத ஒரு மூட்டை கிடக்கிறது. இது 50 கிலோவுக்கு மேலா? தெரியாது. பக்கத்தில் எடை போடாத இன்னொரு மூட்டை. இரண்டும் ஒரே எடையா? அதுவும் தெரியாது. ஆரும் இதையேதான் சொல்கிறது: என்ஏ > 25 என்றால் விடை என்ஏ; என்ஏ == என்ஏ என்றாலும் விடை என்ஏ. காலி வரிகளைத் தேட '== என்ஏ' என்று எழுதிவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளாதவர் இந்தத் தொழிலில் இல்லை. அதற்கென்று 'இஸ் டாட் என்ஏ' என்று தனியாக ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாக் கேள்விக்கும் தெரியாது என்று கையை விரிக்காது. அந்த மூட்டை 50 கிலோவுக்கு மேற்பட்ட மஞ்சள் மூட்டையா என்று கேட்டு, உள்ளே இருப்பது அரிசி என்று தெரிந்துவிட்டால், எடை போடாமலேயே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆரிலும் 'தெரியாது, மேலும் பொய்' என்றால் பொய்தான். 'தெரியாது, அல்லது மெய்' என்றால் மெய்தான். ஆமாம், இல்லை, தெரியாது என்ற இந்த மூன்று விடைத் தருக்கம் ஆரின் கண்டுபிடிப்பு இல்லை. தரவுத்தளங்களுக்கு அடித்தளம் போட்ட எட்கர் காட் 1979-லேயே இதை விரித்து எழுதினார். தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்க உதவும் எஸ்கியூஎல் மொழியில் காலியைக் குறிக்கும் 'நல்' அந்த வழியில் வந்ததுதான்.

ஒரு சின்னச் சமாசாரம். தசம எண் பத்தியில் இருக்கும் என்ஏ-வைக் கணினி எப்படி நினைவில் வைக்கிறது என்று ஆரின் மூல நிரலைப் போய்ப் பார்த்தால், 'எண் அல்ல' என்ற குறியீட்டுக்குள் 1954 என்ற எண் ஒளிந்திருக்கும். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஜென்டில்மனோடு சேர்ந்து ஆரை உருவாக்கிய ராஸ் இஹாக்கா பிறந்த ஆண்டு அது. உலகம் முழுக்கத் தெரியாதவற்றுக்கெல்லாம் ஒருவர் பிறந்த வருடம் முத்திரை.

திரும்ப ஞாயிறுக்கு வருவோம். சதுர அடைப்புக்குள் 'மழை > 25' என்று போட்டால், ஆர் ஒவ்வொரு வரிக்கும் ஆமாம் என்றால் எடுக்கும், இல்லை என்றால் விடும். தெரியாது என்றால்? 'எந்த வரியைக் கேட்கிறாய் என்றே எனக்குத் தெரியவில்லை' என்று எல்லாப் பத்தியிலும் என்ஏ போட்ட ஒரு வரியைத் தந்துவிடும். ஞாயிறு என்ற பெயர் போனது அதனால்தான். அது ஞாயிற்றுக்கிழமையின் வரியே இல்லை, தெரியாத ஒரு வரி. எரிச்சலூட்டும் நடத்தைதான். ஆனால் நேர்மையானது.

இதையே 'சப்செட்' என்ற கட்டளையில் கேட்டால் திங்களும் வியாழனும் மட்டும் வரும், ஞாயிறு சத்தமில்லாமல் கீழே விழுந்துவிடும். ஆரோடு சேர்த்துப் பயன்படுத்தும் டிப்ளையர் தொகுப்பின் 'ஃபில்டர்' செய்வதும் அதுவே. 'ஆமாம்' என்று வந்த வரிகளின் எண்களை மட்டும் தரும் 'விச்' கட்டளையை உள்ளே போட்டாலும் அதுவே. அவள் தோழி ஃபில்டரில் செய்து சரியாக இரண்டு வாங்கியிருந்தாள், அதனால்தான் இவளுக்குத் தன் ஆர் மேல் சந்தேகம். இரண்டும் சரிதான். ஒன்று தெரியாததைக் கண் முன்னால் வைக்கிறது, இன்னொன்று பெருக்கித் தள்ளிவிட்டுச் சுத்தமாகக் காட்டுகிறது.

பெருக்கித் தள்ளுவது எப்போது கடிக்கும் என்றால், மறுபாதியைக் கேட்கும்போது. 25-க்கு மேல்: 2 நாள். 25 அல்லது அதற்குக் கீழ்: செவ்வாய், புதன், வெள்ளி, சனி, 4 நாள். கூட்டினால் ஆறு. வாரத்துக்கு ஏழு நாள் இல்லையா? இந்த ஒரு பரிசோதனையை அவள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொன்னேன்: பாதியும் மறுபாதியும் சேர்ந்து முழுசு ஆகாவிட்டால், நடுவில் காலி இருக்கிறது.

பைத்தான் மொழியில் தரவைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பைப் பழகியவர்களுக்கு இது வேறு விதமாகக் கடிக்கும். அங்கே சாதாரண எண் பத்தியில் காலி இருந்தால் 'காலி > 25' என்பதற்குத் தெரியாது என்ற விடையே கிடையாது, நேராக 'இல்லை'தான். அதனால் ஞாயிறு விழுந்துவிடும். ஆனால் '25-க்கு மேல் அல்லாதவை' என்று அந்த விடையைத் திருப்பிப் போட்டால் 'இல்லை' என்பது 'ஆமாம்' ஆகி, ஞாயிறு குறைந்த மழை நாள்களோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். '25 அல்லது அதற்குக் கீழ்' என்று நேராகக் கேட்டால் வராது. பேச்சில் இரண்டும் ஒரே கேள்விதான். எக்செலுக்கு இன்னொரு குணம். காலிச் செல்லை இரண்டால் பெருக்கினால் பூஜ்யம் தரும், காலிச் செல் பூஜ்யத்துக்குச் சமமா என்றால் ஆமாம் என்னும், ஆனால் சராசரி எடுக்கும்போது மட்டும் அதைச் சேர்க்காது. நம் ஊர்க் கணக்கெல்லாம் எக்செலில்தான் பிறக்கிறது என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

'அல்லாதவை' என்று கேட்கும் எல்லா இடத்திலும் இந்த வம்பு உண்டு. ரொபஸ்டா அல்லாத மூட்டைகளைக் கொடு என்றால், ரகம் எழுதாத மூட்டை ஆரின் ஃபில்டரில் வராது, பாண்டாஸில் வழக்கமாக வந்துவிடும். எஸ்கியூஎல்லில் 'இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்று கேட்டு, அந்தப் பட்டியலில் தப்பித்தவறி ஒரே ஒரு நல் இருந்துவிட்டால், ஒரு வரிகூட வராது. பட்டியலில் ஒருவர் யாரென்றே தெரியாதபோது, நீங்கள் அதில் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

என் சொந்தக் கதை ஒன்று. சில வருடங்களுக்கு முன்னால் ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஆலைக்கு மாதாந்தர ரிப்போர்ட் ஒன்று செய்து தந்தேன். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லோடு வந்தால் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை. பாயிண்ட் பார்க்காத லோடுக்கு அங்கே 99 என்று போட்டு வைத்திருந்தார்கள். இருபத்தெட்டு, முப்பது என்று வரும் இடத்தில் 99 புகுந்தால் சராசரி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் '99 எந்தெந்த வரியில் இருக்கிறது என்று விச் மூலம் கண்டுபிடி, அந்த எண்களை மைனஸ் போட்டு நீக்கு' என்று எழுதினேன். இரண்டு மாதம் அழகாக ஓடியது. மூன்றாம் மாதம் ஆலையில் எல்லா லோடுக்கும் ஒழுங்காகப் பாயிண்ட் பார்த்துவிட்டார்கள். ரிப்போர்ட் போனது: மொத்த லோடு 0.

நடந்தது இதுதான். 99 எங்கேயும் இல்லாததால் விச் ஒரு வெற்றுப் பட்டியலைத் தந்தது. வெற்றுப் பட்டியலுக்கு மைனஸ் போட்டாலும் வெற்றுப் பட்டியலே. 'இந்த வெற்றுப் பட்டியலில் உள்ள வரிகளைக் கொடு' என்று ஆர் புரிந்துகொண்டு, ஒன்றுமே தரவில்லை. நீக்க எதுவும் இல்லை என்றால் எதையும் நீக்காதே என்பது நம் புத்தி. அதற்கு அப்படி ஒன்று இல்லை. ஆலைக்காரர் போனில், "என்னங்க, ஒரு மாசம் ஃபேக்டரியையே மூடிட்டீங்களே" என்றார். அதற்குப் பிறகு மைனஸ் விச் நான் எழுதுவதில்லை. 99-ஐ முதலில் என்ஏ ஆக்கிவிட்டு, இஸ் டாட் என்ஏ இல்லாத வரிகளைக் கேட்கிறேன். நீளம்தான், ஆனால் ஆலை ஓடுகிறது.

பகுதி பிரிக்கும்போது வரும் வேறு சில தொல்லைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெயர்களில் எதுவாக இருந்தாலும் எடு என்பதற்கு '==' போட்டு இரண்டையும் அடுக்கினால், ஆர் முதல் வரியை முதல் பெயரோடும் இரண்டாம் வரியை இரண்டாம் பெயரோடும் மாற்றி மாற்றி ஒப்பிட்டு, பாதியை விட்டுவிடும்; அதற்கு '%இன்%' வேண்டும். ஒரே ஒரு பத்தியைப் பிரித்தால் அது அட்டவணையாக இல்லாமல் வெறும் எண் வரிசையாகிவிடும், அடுத்த வரிக் கட்டளை உடையும். ஃபேக்டர் பத்தியில் ஒரு வகையைக் கழித்த பிறகும் அந்தப் பெயர் பூஜ்யத்தோடு எல்லாப் படத்திலும் தலைகாட்டும், 'டிராப்லெவல்ஸ்' போட்டால்தான் போகும். பாண்டாஸில் பின்கோடு பத்தியில் ஒரே ஒரு காலி இருந்தால் 636001 என்பது 636001.0 ஆகி, அதை எழுத்தாக மாற்றி வேறொரு பட்டியலோடு இணைக்கப் போனால் சேலம் டவுன் முழுக்கக் காணாமல் போகும்.

ஆனால் ஒன்றை மட்டும் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தமிழ் போன்ற மொழிகளில் தரவு வைத்திருப்பவர்களுக்கு வரும் தலைவலி, ஆங்கிலத் தரவை மட்டும் வைத்துப் பழகியவர்களுக்குத் தெரியாது. ஊர்ப் பத்தியில் 'கொண்டலாம்பட்டி' என்று இருக்கிறது. நீங்களும் 'கொண்டலாம்பட்டி' என்றே தேடுகிறீர்கள். வரி ஒன்றும் வரவில்லை, அல்லது பாதிதான் வருகிறது. திரையில் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். விஷயம் என்னவென்றால், 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒரே குறியீடு. அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. 'கோ', 'கௌ' வரிசைக்கும் இதே கதை. இரண்டு பேர் இரண்டு கீபோர்டில் டைப் செய்த கோப்பை ஒட்டினால் இது வரலாம். மருந்து எளிது. எல்லாவற்றையும் 'என்எஃப்சி' என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேட வேண்டும். ஆரில் 'ஸ்ட்ரிங்ஐ' தொகுப்பிலும், பைத்தானில் உடன் வரும் 'யூனிகோட்டேட்டா'விலும் அதற்கு வழி இருக்கிறது. அப்படியே முன்பின் இடைவெளிகளையும் கத்தரித்துவிடுங்கள். எழுத்துகளை எண்ணிப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும், ஒரே பெயருக்கு இரண்டு நீளம் வரும்.

அந்த எஸ்டேட் நோட்டில் இன்னொரு புதையலும் இருந்தது. தோட்டப் பிரிவின் பெயர் எழுதும் பத்தியில் முதல் நாள் மட்டும் பெயர், கீழே எல்லாம் ௸. மேற்படி என்பதற்கான பழைய குறி. இப்போது பத்திரம் எழுதுகிறவர்களுக்கும் இவருக்கும்தான் அது கைவருகிறது என்று நினைக்கிறேன். இவள் அதை டைப் செய்யத் தெரியாமல் காலியாக விட்டிருந்தாள். அந்தப் பிரிவை மட்டும் எடு என்றால் மாதத்துக்கு ஒரு நாள்தான் வந்தது. இந்த மாதிரிக் காலியை மேலே இருப்பதை வைத்துக் கீழே இழுத்து நிரப்பலாம், நிரப்பவும் வேண்டும். அதே கட்டளையை மழைப் பத்தியில் போட்டால்? சனிக்கிழமை மழை ஞாயிற்றுக்கிழமையும் பெய்ததாகிவிடும். ஒரே தாளில் இரண்டு காலி, இரண்டுக்கும் வேறு வேறு அர்த்தம்.

அப்படியானால் ஞாயிறுக்கு என்ன அர்த்தம்? அதையும் போனிலேயே கேட்டோம்.

"ஞாயித்துக்கிழமை யாருங்க மேல வருவாங்க? லீவு. திங்கக்கிழமை காலைல போனா ரெண்டு நாள் தண்ணியும் சேர்ந்து கிடக்கும். அதை அப்படியே திங்கக்கிழமைல எழுதிருவேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். 42 என்பது திங்கட்கிழமையின் மழையே இல்லை, இரண்டு நாள் மழை.

இப்போது எல்லா வைத்தியத்தையும் மறுபடி யோசிக்க வேண்டும். ஞாயிறைச் சராசரி போட்டு நிரப்பலாம் என்றால் 27.7 என்று எழுதுவோம், ஏற்கனவே திங்களுக்குள் இருக்கும் தண்ணீரை இன்னொரு முறை ஊற்றியதாகும். ஞாயிறு வரியை விட்டுவிடலாம் என்றால், ஏழு நாள் மழையை ஆறு நாளுக்குப் பங்கு போட்டதாகும். எல்லோரும் தப்பு என்று திட்டும் பூஜ்யத்தைப் போட்டால், 166-ஐ ஏழால் வகுத்து 23.7 வரும். வேடிக்கை என்னவென்றால், வாரச் சராசரிக்கு அதுதான் சரியான விடை! ஆனால் அவள் கேட்ட கேள்வி சராசரி இல்லை. ஒரு இஞ்சுக்கு மேல் பெய்த நாள் எத்தனை? 42 என்பது 20-ம் 22-ம் ஆக இருந்தால் அந்த வாரத்தில் வியாழன் ஒன்றுதான். 30-ம் 12-ம் என்றால் இரண்டு. வானிலைத் துறைக் கணக்கில் மழை நாள் என்றால் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல். அதை எண்ணினாலும் இந்த வாரத்துக்கு நான்கா ஐந்தா என்று சொல்ல முடியாது. ஒரே காலிக்கு ஒரு கேள்வியில் பூஜ்யம் சரி, இன்னொரு கேள்வியில் எதுவுமே சரியில்லை.

புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-ல் எழுதிய கட்டுரை காலியான தரவைப் பற்றிப் பேசும் எல்லோரும் தொடங்கும் இடம். அவர் வழியில் இன்று காலிகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். இந்த நோட்டிலேயே மூன்றும் இருக்கிறது. கரையான் அரித்த நான்கு பக்கம் முதல் வகை. கரையானுக்கு மழை எவ்வளவு என்று கவலை இல்லை, அந்த நாள்களை விட்டுவிட்டாலும் மீதி கணக்கு ஒரு பக்கமாகச் சாயாது. ஞாயிறு இரண்டாம் வகை. காலிக்குக் காரணம் கிழமை, கிழமை நம் கையில் இருக்கிறது, அதை வைத்துச் சரிக்கட்ட வழி உண்டு. மூன்றாவதுதான் வில்லங்கம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட நாளில் ரைட்டர் மழைமானிக்குப் போக மாட்டார். போனாலும் பாத்திரம் நிரம்பி வழிந்திருக்கலாம். அதாவது மழை அதிகம் என்பதாலேயே மழை பதிவாகவில்லை. இந்தக் காலிகளை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் பெரிய மழைகளை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியே போட்டதாகும். எந்தக் கட்டளையாலும் இதைத் தரவுக்குள் இருந்தே கண்டுபிடிக்க முடியாது. ஆர் மூன்றையும் ஒரே என்ஏ என்றுதான் காட்டும்.

அதனால் அவள் கோப்பில் இரண்டு பத்தி சேர்த்தோம். ஒன்று, 'எத்தனை நாள் மழை'. சாதாரண நாளுக்கு 1, திங்களுக்கு 2. இன்னொன்று, 'ஏன் காலி'. ஞாயிறு, கரையான், போக முடியவில்லை, தெரியாது. இஞ்சு நாள்களை எண்ணும்போது ஒற்றை நாள் பதிவுகளை மட்டும் வைத்து ஒரு எண், இரட்டை நாள் பதிவில் 25-ஐத் தாண்டியவற்றைத் தனியாக இன்னொரு எண். அந்த இரட்டையிலும் 50-ஐத் தாண்டியதென்றால் இரண்டு நாளில் ஒன்றாவது 25-ஐத் தாண்டியே ஆகவேண்டும், அதை உறுதியாகச் சேர்த்துக்கொள்ளலாம். இதை நான் சொல்லித்தரவில்லை, அவளாகவே கண்டுபிடித்தாள். கிளம்பும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

மறுநாள் போன். "அண்ணா, பழைய நோட்டெல்லாம் இஞ்சு-சென்ட்ல இருக்குதுங்க." ஒரு இஞ்சுக்கு நூறு சென்ட், தோட்டங்களில் பழைய வழக்கம். "அப்பா 1-5ன்னு எழுதியிருக்கார். நான் 1.5ன்னு அடிச்சுட்டேன். அது ஒரு இஞ்சு அஞ்சு சென்ட்டாமே?"

ஆமாம், 1.05. மி.மீட்டரில் 26.7, அவள் அடித்திருந்தது 38.1. இதற்கு என்ஏ வராது, எச்சரிக்கை வராது, வகையும் எண்தான். சென்ட் ஒற்றை இலக்கமாக இருக்கும் நாள்களை மட்டும் தேடலாமா என்றால், 1.5 என்று அடித்தது ஐந்து சென்ட்டா ஐம்பது சென்ட்டா என்று கோப்பில் இருந்து பிரிக்க வழியில்லை, 1-50 என்று எழுதியதை 1.50 என்று அடித்திருந்தாலும் எக்செல் 1.5 என்றே சுருக்கியிருக்கும். இந்த ஞாயிறு அப்பாவுக்கு லீவு. நோட்டை அவர் படிக்க, இவள் இஞ்சை ஒரு பத்தியிலும் சென்ட்டை இன்னொரு பத்தியிலும் அடிக்கப் போகிறாள்.